பந்தின் மேல் இறங்கும் எடை: எஸ்யூவியில் டிரெய்லரை மாட்டும் முன் போடவேண்டிய கணக்கு

எஸ்யூவியின் விவரத்தாளில் ‘இழுவைத் திறன் 1,588 கிலோ’ என்று ஓர் எண் இருக்கிறது. அமெரிக்கக் கணக்கில் அது 3,500 பவுண்டு. நடுத்தர எஸ்யூவி பலவற்றுக்கும் இதே எண்தான். பயண டிரெய்லர், அதாவது உள்ளேயே படுத்துறங்கும் வசதியுள்ள டிரெய்லர், விற்பவர் தரும் தாளில் ‘வெற்று எடை 1,180 கிலோ’ என்று இருக்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் 408 கிலோ மிச்சம். சரி, தாராளமாக இழுத்துவிடலாம் என்று நினைத்துப் பலரும் இந்த இடத்திலேயே முன்பணம் கட்டிவிடுகிறார்கள்.

இந்தக் கழித்தலில் இருக்கும் இரண்டு எண்களுமே நிஜப் பயணத்தில் வராத எண்கள். வெற்று எடையோடு யாரும் டிரெய்லரை ஊருக்கு இழுத்துப் போவதில்லை. இழுவைத் திறன் என்ற எண்ணும் ஓட்டுநரையும் பக்கத்து இருக்கைப் பயணியையும் மட்டும் கணக்கில் வைத்து அளந்தது. வண்டியும் டிரெய்லரும் ஒன்றுசேரும் இடம் ஓர் இரும்புப் பந்து, விட்டம் சுமார் 5 சென்டிமீட்டர். அந்தப் பந்தின் மேல் எத்தனை கிலோ இறங்குகிறது என்பதைத்தான் முதலில் பார்க்கவேண்டும். ஹிட்ச் (பந்தைத் தாங்க வண்டியின் பின்னால் பொருத்தும் இரும்பு அமைப்பு), பிரேக், கூலர், கண்ணாடி என்று வாங்கவேண்டிய மற்ற எல்லாமே அதற்குப் பின்னால் வருகிறவை.

முதலில் எடை

அந்த 1,180 கிலோ டிரெய்லரையே எடுத்துக்கொள்வோம். ஒரு பேட்டரி 25 கிலோ. முகப்பில் நிற்கும் இரண்டு கேஸ் சிலிண்டர்கள், நிரப்பினால் தலா 17 கிலோ வீதம் 34. தண்ணீர்த் தொட்டியில் 80 லிட்டர் என்றால் 80 கிலோ. பாத்திரம், படுக்கை, மடக்கு நாற்காலி, மளிகை, கருவிப்பெட்டி எல்லாம் சேர்த்து 130 என்று வைப்போம். இது தாராளக் கணக்கே இல்லை. சிக்கனமாகப் பயணம் செய்கிறவர்களின் கணக்கு. மொத்தம் 1,449 கிலோ. 408 ஆக இருந்த மிச்சம் இப்போது 139.

இதுவும் பரவாயில்லை என்றே தோன்றும். ஆனால் பந்தின் மேல் இறங்கும் எடையைப் பாருங்கள். ஓட்டுகிறவர்கள் இதை ‘டங் வெயிட்’ என்பார்கள். வட அமெரிக்க டிரெய்லர்களில் இது மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை இருக்கவேண்டும் என்பது நடைமுறை விதி. நடுவில் 12 சதவீதம் என்று வைத்தால் 174 கிலோ. 3,500 பவுண்டு இழுக்கும் வண்டிக்கும், அதே அளவு தாங்கும் இரண்டாம் வகுப்பு ஹிட்சுக்கும் வழக்கமான பந்து எடை வரம்பு 350 பவுண்டு, அதாவது 159 கிலோ. இழுவைத் திறனில் 139 கிலோ இடம் இருக்கும்போதே பந்தில் 15 கிலோ தாண்டிவிட்டது. சாமானை மாற்றி அடுக்கி 10 சதவீதத்துக்கும் 11 சதவீதத்துக்கும் நடுவில் நிறுத்தினால்தான் இந்த ஜோடி பொருந்தும். அதற்கு மேல் போனால் ஹிட்ச் தாங்காது, கீழே போனால் டிரெய்லர் ஆட ஆரம்பிக்கும்.

அடுத்தது பேலோட், அதாவது வண்டி தன்மேல் சுமக்கக்கூடிய எடை. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும்: ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக்கூடாது என்று. விவரத்தாளில் அச்சடித்த எண்ணைவிட இந்த ஸ்டிக்கரை நம்புங்கள். சன்ரூஃப், மூன்றாம் வரிசை இருக்கை என்று உங்கள் வண்டியில் கூடுதலாக வந்தவை இந்த எண்ணைக் குறைத்திருக்கும். பந்தின் மேல் இறங்கும் எடையும் இதே பேலோடில்தான் சேரும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஸ்டிக்கரில் 520 கிலோ என்று இருந்தால்: இரண்டு பெரியவர்கள் 145, இரண்டு பிள்ளைகள் 100, டிக்கியில் சாமான் 75, பின்னால் பொருத்திய ஹிட்ச் 25, பந்தில் 174. கூட்டினால் 519. ஒரு கிலோ மிச்சம். கூரையில் ஒரு சைக்கிளைக் கட்டினாலும் வரம்பு தாண்டிவிடும்.

அடுத்து வரும் கணக்கு இன்னும் முக்கியமானது. பந்து பின்சக்கரத்துக்கு மேலே இல்லை, அதற்கு ஒரு மீட்டருக்கும் மேல் பின்னால் நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஏற்றமரத்தின் ஒரு முனையில் ஆள் ஏறினால் மறுமுனை எழும்புவதைப் போல, பந்தில் எடை ஏறினால் வண்டியின் முன்பக்கம் எழும்பும். முன், பின் அச்சுகளுக்கு இடையே 2.8 மீட்டர், பின் அச்சிலிருந்து பந்து 1.1 மீட்டர் என்றால், பந்தில் வைக்கும் 174 கிலோ முன் அச்சிலிருந்து சுமார் 68 கிலோவைப் பிடுங்கிப் பின் அச்சில் போடுகிறது. பின் அச்சுக்கு 242 கிலோ கூடுகிறது. திசை திருப்புவதும் பிரேக்கின் பெரும்பங்கும் முன்சக்கரங்களின் வேலை. பிடிப்பு குறையக்கூடாத இடத்தில்தான் குறைகிறது. முகப்பு விளக்கின் ஒளி மேலே போய் எதிரே வருகிறவர் கண்ணில் அடிப்பதும் இதனால்தான்.

இந்த எண்களை ஊகிக்கத் தேவையில்லை. லாரிகளை நிறுக்கும் எடை மேடைக்குப் போய், பயணத்துக்கு ஏற்றுவதைப் போலவே ஆட்களோடும் சாமானோடும் எடை போட்டுப் பார்க்கலாம். டிரெய்லரைத் தனியாகக் கழற்றி நிறுத்தி ஒரு எடை, மாட்டியபடி டிரெய்லரின் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்க இன்னொரு எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பந்தில் இறங்குவது. வீட்டிலேயே பார்க்க ஒரு பழைய வழி உண்டு. உறுதியான மரச்சட்டத்தின் ஒரு முனையைச் செங்கல் மேலும், மறுமுனையைக் குளியலறை எடைமானி மேலும் வைத்து, செங்கல்லிலிருந்து ஒரு பங்கு தூரத்திலும் எடைமானியிலிருந்து இரண்டு பங்கு தூரத்திலும் டிரெய்லர் மூக்கை, அதாவது பந்தில் மாட்டும் முன்முனையை, இறக்கவேண்டும். சட்டத்தின் எடையால் முன்பே காட்டிய எண்ணைக் கழித்துவிட்டு மூன்றால் பெருக்கினால் விடை. சமதளத்தில், டிரெய்லர் சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்துவிட்டுச் செய்யவேண்டும்.

10 சதவீதம் எதற்கு?

பந்தில் எடை இறங்குவதால் இத்தனை தொல்லை என்றால், சாமானைப் பின்னால் தள்ளி எடையைக் குறைத்துவிடலாமே என்று தோன்றலாம். டிரெய்லர் கவிழ்வதற்கு மிக எளிய வழி அதுதான்.

டிரெய்லர் என்பது ஒரு பந்தைச் சுற்றித் திரும்பும் பெட்டி. பக்கக்காற்றோ, பெரிய லாரி தாண்டிப்போகும்போது வரும் காற்றுத் தள்ளலோ அதை லேசாகத் திருப்பும். எடையின் மையம் அச்சுக்கு முன்னால் இருந்தால் டயர்களின் பிடிப்பு அதைத் திரும்ப நேராக்கும். ஊசல் ஒன்றிரண்டு ஆட்டத்தில் அடங்கிவிடும். மையம் பின்னால் போகப்போக அடங்கும் சக்தி குறையும். வேகம் கூடினாலும் குறையும். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு வேகம் உண்டு. அதைத் தாண்டினால் ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகும். பிறகு சில நொடிகளில் வால் நாயை ஆட்டத் தொடங்கிவிடும்.

பந்து எடையின் சதவீதம் மட்டும் சரியாக இருந்தால் போதாது. முகப்பில் சிலிண்டரும் பேட்டரியும், அதைச் சமன்செய்யப் பின் பம்பரில் சைக்கிள் தாங்கியும் உதிரி டயரும் என்று இரு முனைகளிலும் எடையை வைத்தால், எடைமானி நல்ல எண்ணைக் காட்டும். ஆனால் அந்த டிரெய்லர் இரு முனையிலும் கல் கட்டிய கம்பு. ஒருமுறை சுழல ஆரம்பித்தால் நிறுத்துவது கடினம். கனமானது எதுவானாலும் தரையோடு, அச்சுக்கு நெருக்கமாக, கொஞ்சம் முன்தள்ளி இருக்கவேண்டும். தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கிறது என்பதை வாங்கும்போதே குனிந்து பாருங்கள். சில டிரெய்லர்களில் அது அச்சுக்குப் பின்னால் இருக்கும். நிரப்பினால் பந்து எடை குறையும். கழிவுநீர்த் தொட்டி பின்னால் இருந்தால் திரும்பி வரும் பயணத்தில் எடைப் பங்கீடே வேறாகிவிடும்.

ஐரோப்பாவில் பந்து எடை இதைவிடக் குறைவு. கார்களுக்கு 75 முதல் 100 கிலோ வரம்பு சாதாரணம். அங்கே அது ஓடுகிறதே என்று அமெரிக்க டிரெய்லரை அந்தக் கணக்கில் ஏற்றக்கூடாது. அங்கே டிரெய்லர்களின் அமைப்பே வேறு, வேகமும் குறைவு. ஜெர்மனியில் டிரெய்லர் இழுக்கும் காருக்குப் பொது வரம்பு மணிக்கு 80 கிலோமீட்டர். தனி அனுமதி பெற்ற ஜோடிக்குத்தான் 100.

ஹிட்ச்சும் அதைச் சார்ந்தவையும்

அமெரிக்க முறையில் ஹிட்சுக்கு வகுப்புகள் உண்டு. முதல் வகுப்பு 2,000 பவுண்டு வரை, இரண்டாம் வகுப்பு 3,500 வரை. மூன்றாம் வகுப்பில்தான் பந்துத் தண்டைச் செருகும் 2 அங்குலச் சதுரக் குழாய் வரும். இரண்டாம் வகுப்பு வண்டிக்கு மூன்றாம் வகுப்பு ஹிட்ச் பொருத்துவதில் தப்பில்லை. ஆனால் ஹிட்ச் 5,000 பவுண்டு தாங்கும் என்பதால் வண்டியும் 5,000 இழுக்கும் என்று ஆகாது. வண்டி, ஹிட்ச், பந்துத் தண்டு, பந்து, பந்தைக் கவ்வும் டிரெய்லர் கப்ளர் என்ற வரிசையில் எது மிகக் குறைவோ அதுதான் உங்கள் வரம்பு. பின் சஸ்பென்ஷனில் காற்றுப்பை பொருத்துவதைப் பற்றியும் இதையே சொல்லவேண்டும். வண்டியின் பின்பக்கம் நிமிரும், பார்க்க நன்றாக இருக்கும். அச்சு, பிரேக், டயர் எதன் வரம்பும் ஒரு கிலோகூட ஏறாது.

பந்தின் அளவைத் தலையில் பொறித்திருப்பார்கள். 1⅞ அங்குலம், 2 அங்குலம், 2 5/16 அங்குலம் ஆகியவை அமெரிக்க அளவுகள். ஐரோப்பாவில் 50 மில்லிமீட்டர். 2 அங்குலக் கப்ளருக்குள் 1⅞ பந்து உட்கார்ந்துவிடும், பூட்டும் விழுந்துவிடும், முதல் பெரிய குழியில் கழன்றும் போகும். கப்ளரைப் பூட்டியபின் மூக்குக் கால் ஜாக்கியால் மேலே தூக்கிப் பார்த்தால், பந்து பிடித்திருக்கிறதா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். வண்டியின் பின்பக்கமும் சேர்ந்து எழும்பவேண்டும்.

முன் அச்சு இழந்த எடையைத் திருப்பித் தருவதற்கென்றே எடைப் பங்கீட்டு ஹிட்ச் என்று ஒன்று இருக்கிறது. இரண்டு ஸ்பிரிங் கம்பிகள் இணைப்பை இறுக்கி வளைத்துப் பிடித்து, எடையில் ஒரு பகுதியை முன்சக்கரங்களுக்கும் இன்னொரு பகுதியை டிரெய்லர் அச்சுக்கும் தள்ளும். நல்ல கருவி. ஆனால் சில எஸ்யூவிகளின் கையேட்டில் இதைப் பொருத்தவே கூடாது என்று எழுதியிருக்கிறது. தனிச் சட்டகம் இல்லாமல் உடலே சட்டகமாக உள்ள வண்டியின் பின்பகுதி அந்த முறுக்கலுக்குக் கட்டப்பட்டிருக்காது. விற்பவர் என்ன சொன்னாலும் கையேட்டில் இழுவை பற்றிய பக்கத்தைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். முன் அச்சு எடையில் எவ்வளவு மீட்கவேண்டும் என்பதும் அங்கேயே இருக்கும். ஆட்டத்தைக் குறைக்கும் உராய்வுக் கம்பியும் கிடைக்கிறது. தப்பாக ஏற்றிய சாமானுக்கு அது மருந்தாகாது.

பாதுகாப்புச் சங்கிலிகளை மூக்குக்குக் கீழே குறுக்காக மாட்டவேண்டும். பந்து கழன்றால் மூக்கு தரையில் குத்தாமல் அந்தப் பெருக்கல் குறியில் வந்து உட்காரும். திருப்பத்துக்கு இடம்கொடுக்கும் நீளம் வேண்டும், ஆனால் தரையில் உரசக்கூடாது. உரசும் சங்கிலியின் பொறி சாலையோரக் காய்ந்த புல்லில் தீ மூட்டுவது உண்மையில் நடப்பதுதான்.

நிறுத்துவது

இழுப்பதைப் பற்றி ஆளாளுக்குப் பேசுவார்கள். எனக்கு நிறுத்துவதைப் பற்றித்தான் கவலை. மேலே சொன்ன குடும்பமும் எஸ்யூவியும் டிரெய்லரும் சேர்ந்தால் சுமார் 3,800 கிலோ. இந்த எடை 500 மீட்டர் உயரத்திலிருந்து மலைச்சாலையில் இறங்குகிறது என்று வையுங்கள். பிரேக்கும் எஞ்சினும் காற்றும் சேர்ந்து தீர்க்கவேண்டிய சக்தி, சுமார் 55 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து கொதிக்கவைக்கப் போதும். இதைப் பிரேக் தட்டுகளின் தலையிலேயே கட்டினால் அவை பழுக்கக் காய்ந்து பிடிப்பை இழக்கும். ஏறும்போது எந்தக் கியரோ அதே கியரில், அல்லது அதற்கும் கீழே, எஞ்சினைக் கொண்டு இறங்கவேண்டும்.

டிரெய்லருக்குத் தனிப் பிரேக் வேண்டுமா என்பதைச் சட்டம் ஊருக்கு ஊர் வேறாகச் சொல்கிறது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் 3,000 பவுண்டைத் தாண்டினால் கட்டாயம், கலிஃபோர்னியாவில் 1,500. ஐரோப்பிய ஒன்றியத்தில் பிரேக் இல்லாத டிரெய்லருக்கு உச்ச வரம்பு 750 கிலோ. சட்டம் கேட்காவிட்டாலும், படுத்துறங்கும் அளவுள்ள எந்த டிரெய்லருக்கும் பிரேக் இருக்கவேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. பல வண்டிகளின் கையேடும் பிரேக் இல்லாத டிரெய்லருக்குத் தனியாக, மிகக் குறைந்த வரம்பைத்தான் தருகிறது.

ஐரோப்பிய டிரெய்லர்களில் பிரேக் தானாக இயங்கும். வண்டி வேகம் குறைக்கும்போது டிரெய்லர் முன்னால் முட்ட, அந்த முட்டலே கம்பியை இழுத்து பிரேக்கைப் பிடிக்கும். வட அமெரிக்க டிரெய்லர்களில் டிரம்முக்குள் மின்காந்தம் இருக்கும். அதற்கு மின்சாரம் அனுப்ப, ஓட்டுநர் அருகே ஒரு பிரேக் கண்ட்ரோலர் வேண்டும். மலிவானது, மிதியைத் தொட்டதும் முன்பே வைத்த அளவுக்கு மெல்ல மெல்லக் கூட்டும். நீங்கள் மெதுவாக அழுத்தினீர்களா, பதறி அழுத்தினீர்களா என்று அதற்குத் தெரியாது. விகிதாசாரக் கண்ட்ரோலர் வண்டி எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதை உணர்ந்து அதே அளவுக்குப் பிடிக்கும். இந்த இடத்தில் காசு மிச்சம் பிடிக்கவேண்டாம்.

பொருத்தியபின் ஆளில்லாத, காய்ந்த, சமமான இடத்தில் மணிக்கு 40 கிலோமீட்டரில் போய், கண்ட்ரோலரின் கைநெம்புகோலை மட்டும் அழுத்திப் பாருங்கள். டிரெய்லர் சக்கரம் பூட்டிக்கொள்ளும் அளவு வரை சக்தியைக் கூட்டி, அதிலிருந்து சற்றுக் குறைத்து வைத்தால் சரியாக இருக்கும். மழையிலும், டிரெய்லர் காலியாக இருக்கும்போதும் இதை மாற்றவேண்டிவரும். அந்த நெம்புகோல் எங்கே இருக்கிறது என்பது பார்க்காமலே கைக்குத் தெரியவேண்டும். டிரெய்லர் ஆடத் தொடங்கினால் செய்யவேண்டியது இவ்வளவுதான்: ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, கால்பிரேக்கைத் தொடாமல், நெம்புகோலால் டிரெய்லர் பிரேக்கை மட்டும் லேசாகப் பிடிப்பது. வேகத்தைக் கூட்டினால் நேராகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

டிரெய்லர் அறுந்து போனால் தானாகப் பிரேக் பிடிக்க மூக்கில் ஒரு சிறு சுவிட்ச் உண்டு. அதன் கம்பியை வண்டியின் ஹிட்சில் நிலையாக உள்ள பகுதியில் மாட்டவேண்டும். சங்கிலியிலோ, கழற்றக்கூடிய பந்துத் தண்டிலோ மாட்டினால், தண்டு உருவிக்கொண்டு வரும்போது கம்பியும் கூடவே வந்துவிடும்; சுவிட்ச் இழுபடாது. டிரெய்லர் பேட்டரி செத்திருந்தாலும் அது வேலை செய்யாது.

வயரிங், சூடு, காற்று

நான்கு முனைப் பிளக் விளக்குகளுக்கு மட்டும். மின்பிரேக் உள்ள டிரெய்லருக்கு ஏழு முனை வேண்டும். ஐரோப்பாவில் 13 முனை. வெளியே விற்கும் வயரை விளக்குக் கம்பியில் வெட்டி இணைப்பதைவிட, வண்டி நிறுவனத்தின் இழுவை வயரிங்கைப் பொருத்துவது மேல். பல வண்டிகளில் பின்னால் டிரெய்லர் இருக்கிறது என்பது பிளக் வழியாகத்தான் கணினிக்குத் தெரியும். தெரிந்தால்தான் சக்கரம் சக்கரமாகப் பிரேக் பிடித்து ஆட்டத்தை அடக்கும் வசதி விழிக்கும், பின்பக்க சென்சார்களும் சும்மா இருக்கும்.

தானியங்கிக் கியர்பாக்ஸுக்கு ஏற்றத்தில் வரும் எதிரி சூடு. அதன் எண்ணெய் 90 டிகிரி செல்சியஸைத் தாண்டிக் காயக் காய அதன் ஆயுள் வேகமாகக் குறையும். தொழிற்சாலை இழுவைத் தொகுப்போடு வந்த வண்டியில் பெரும்பாலும் கூடுதல் கூலரும் பெரிய ரேடியேட்டரும் இருக்கும். இல்லாத அதே வண்டிக்கு நிறுவனமே குறைந்த இழுவைத் திறனைத்தான் தருகிறது. பழைய வண்டி வாங்குகிறவர்கள் மாடல் பெயரை மட்டும் பார்த்து ஏமாறும் இடம் இது.

விவரத்தாளில் வரும் இழுவைத் திறன் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2008-இல் வாகனப் பொறியாளர்களின் எஸ்ஏஇ அமைப்பு ஜே2807 என்ற தரத்தை வெளியிட்டது. அதற்கு முன்பு ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தோன்றிய முறையில் அளந்து ஓர் எண்ணைப் போட்டுக்கொண்டிருந்தது. இந்தத் தரத்தின்படி, அரிசோனாவில் டேவிஸ் அணைக்கு அருகே உள்ள சுமார் 18 கிலோமீட்டர் ஏற்றத்தை, 38 டிகிரி வெயிலில், ஏசியை முழுதாகப் போட்டபடி, குறைந்தபட்ச வேகத்துக்குக் கீழே போகாமல் ஏறவேண்டும். கடுமையான சோதனைதான். ஆனால் வண்டிக்குள் இருப்பதாகக் கொள்வது தலா 68 கிலோ எடையுள்ள இரண்டு பேர். உங்கள் பின்னிருக்கையில் யார் உட்கார்ந்தாலும் அந்த எண் குறையத் தொடங்கும்.

தட்டையான டிரெய்லரில் செங்கல் ஏற்றி இழுப்பதும், அதே எடையுள்ள உயரமான பயண டிரெய்லரை இழுப்பதும் ஒன்றாகாது. இரண்டேகால் மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் உயரம் என்றால் காற்றில் மோதும் சுவர் ஐந்தரைச் சதுர மீட்டருக்கு மேல். எஸ்யூவியின் முகப்பு அதில் பாதிதான். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், மணிக்கு 90-இலிருந்து 110-க்குப் போனால் எதிர்ப்பு ஒன்றரை மடங்காகும். சில கையேடுகள் டிரெய்லர் முகப்புப் பரப்புக்கே தனி வரம்பு சொல்கின்றன. எடை பொருந்தினாலும் பரப்பு தாண்டினால் அந்த டிரெய்லர் வேண்டாம்.

பக்கக் கண்ணாடிக்கு நீட்சி வேண்டும். டிரெய்லரின் இரு பக்கமும் கடைசி வரை தெரியவில்லை என்றால் தடம் மாறவே முடியாது.

டயரைப் பற்றி ஒன்று. டிரெய்லர் டயர் தேயும் முன்பே வயதாகிவிடும், ஏனென்றால் வருடத்தில் பெரும்பாலான நாள் அது நின்றே கிடக்கிறது. பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. ஆறு வயதைத் தாண்டியதைப் பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் மாற்றிவிடுவேன். ஒற்றை அச்சு டிரெய்லரில் ஒரு டயர் வெடித்தால் தாங்கிக்கொள்ள அந்தப் பக்கம் வேறு சக்கரம் இல்லை. காற்றழுத்தத்தைக் காலையில், ஓடுவதற்கு முன், டிரெய்லரில் எழுதியுள்ள அளவுக்கு வைக்கவேண்டும்.

அப்புறம், சக்கர நட்டுகள். புதிதாகப் பொருத்திய சக்கரத்தில் நட்டுகள் முதல் 100 கிலோமீட்டருக்குள் தளர்ந்துவிடக்கூடும். அதனால் முதல் நிறுத்தத்தைச் சீக்கிரமே வைத்துக்கொண்டு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பானரால் ஒவ்வொன்றையும் சரிபார்த்துவிட்டு, சக்கரத்தின் நடுப்பகுதிக்கு அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரு பக்கம் வெதுவெதுப்பாகவும் மறுபக்கம் கை வைக்க முடியாமலும் இருந்தால் அங்கே பேரிங்கோ பிரேக்கோ பிடித்துக்கொண்டிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் அங்கிருந்து கிளம்பக்கூடாது.